வீட்டிலிருந்து கல்லூரிக்குப் பத்து வரி

2019-இல் பிளஸ் டூ ஆங்கிலத்தில் நான் எடுத்தது 100-க்கு 81. தமிழ்வழியில் படித்தவனுக்கு அது பெரிய தைரியம். பி.எஸ்ஸி. இயற்பியலில் சேர்ந்த முதல் வாரமே அந்தத் தைரியம் போய்விட்டது. "வீட்டிலிருந்து கல்லூரிக்கு எப்படி வந்தீர்கள்? ஆங்கிலத்தில் பத்து வரி எழுதுங்கள்" என்றார் பேராசிரியை. மணி அடித்தபோது என் தாளில் மூன்று வரிதான் இருந்தது.

அந்த 81, கைடில் இருந்த பத்திகளை மனப்பாடம் செய்து எழுதி வாங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பத்தியைச் சொந்தமாக எழுதச் சொல்லி என்னை ஒருவரும் கேட்டதில்லை. இந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அன்றிரவு தமிழில் எழுதி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தேன். "காலையில் எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, குளித்து, சாப்பிட்டு, ஓடிப்போய் ஏழரை பஸ்ஸைப் பிடித்தேன்." தமிழில் இது ஒரே வாக்கியம், முற்று ஒன்றுதான், மற்றவை எல்லாம் வினையெச்சம். ஆங்கிலத்தில் 'அண்ட்', 'அண்ட்' என்று கோத்துக்கொண்டே போனேன், பக்கம் முடிந்தும் வாக்கியம் முடியவில்லை. பேராசிரியை அதைத் திருத்தவில்லை. பென்சிலால் நான்கு இடங்களில் கோடு போட்டு, "இங்கெல்லாம் முற்றுப்புள்ளி வை. ஒவ்வொரு துண்டிலும் யார் செய்தது என்று கேள்" என்றார். 'பிடித்தேன்' என்றாலே அதற்குள் 'நான்' இருக்கிறது. ஆங்கிலத்திலோ 'ஐ' என்று எழுதாவிட்டால் ஆளே இல்லை. இது புரிந்த நாள்தான் என் முதல் ஆங்கில வகுப்பு என்று சொல்வேன்.

பிறகு தினம் ஒரு பத்தி, தனி நோட்டில். வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும்தான் அவர் சுழிப்பார். முதலில் காலம், பிறகு 'எ', 'தி'. தமிழில் அந்த இரண்டுக்கும் நிகரில்லாததால் இன்றும் என்னிடம் நழுவுகின்றன. எங்கள் ஊர் ஏரியைப் பற்றி எழுதச் சொன்னபோது தண்ணீரின் பெருமையில் தொடங்கினேன். முதல் மூன்று வரிகளை அடித்துவிட்டு, "ஏரி நான்காவது வரியில்தான் வருகிறது. அங்கிருந்து தொடங்கு" என்றார்.

நவம்பரில் எங்கள் பசு கன்று போட்ட இரவைப் பற்றி எழுதினேன். பதினோரு வாக்கியங்கள். கைடில் இல்லாதவை. நோட்டு திரும்பி வந்தபோது அதில் ஒரே ஒரு சுழி இருந்தது, விடுபட்ட ஒரு 'தி'க்கு.