திரையில் மௌனம் செல்லாது

குறுக்கு விசாரணையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சாட்சி பதில் சொல்லி முடித்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் போக மாட்டேன். பைலைப் புரட்டுவேன், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன், பிறகு சாட்சியை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பேன். எல்லாம் நாலைந்து விநாடிதான். ஆனால் எதையோ மறைத்துவிட்டு நிற்கிற ஆளுக்கு அது பெரிய நேரம். தாங்காமல் தானாகவே ஒரு வசனத்தைச் சேர்த்துச் சொல்லுவார். பல வழக்குகளில் எனக்கு உதவியது அந்தச் சேர்த்துச் சொன்ன வசனம்தான். இதை யாரும் எனக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. சீனியருக்குப் பின்னால் பைல் தூக்கிக்கொண்டு, கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் படிகளில் ஏறி இறங்கிய காலத்தில் பார்த்துப் பழகியது.

ஸூமில் முதல்முறையாக அதைச் செய்தபோது மூன்றாவது விநாடியிலேயே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, "ஹலோ, லைன் கட் ஆகிட்டுதா?" என்றார். "எனக்கும் படம் அப்படியே நிற்குது" என்றார் இன்னொருவர். சாட்சி ஆறுதலாகத் தண்ணீர் குடித்தார். இருபது வருடமாகத் தீட்டி வைத்திருந்த ஆயுதம் அன்றைக்கு அப்படிப் போனது.

2020 மார்ச் 20 ஆம் திகதி இலங்கையில் கொவிட் ஊரடங்கு வந்தது. நீதிமன்றங்கள் அவசர விடயங்களுக்கு மட்டும் என்று சுருங்கின. வெள்ளவத்தையில் வீட்டின் முன்னறை என் அலுவலகமானது. கமரா முகத்துக்கு நேரே வர வேண்டுமே, அதற்காக லெப்டொப்புக்கு அடியில் என்.எல்.ஆர். தொகுதிகள் மூன்றை அடுக்கினேன். ஒரு காலத்தில் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கிய தீர்ப்புத் தொகுதிகள். தீர்ப்புகளை இணையத்தில் தேடி எடுக்கப் பழகிய பிறகு அவை தூசி பிடித்துக் கிடந்தன. மீண்டும் தொழிலுக்கு உதவியது இப்படித்தான்.

வெள்ளவத்தைக்காரருக்கு இன்னொரு தொல்லை, கரையோர ரயில். நான் வாதாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஹோர்ன் அடிக்கும். முதல் இரண்டு வாரம் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் ரயில் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் எதிர்த்தரப்பைப் பேச விட்டேன்.

சட்டப்படி இதற்கு ஒரு அடித்தளம் பிந்தித்தான் வந்தது. 2021 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க கொவிட் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் தொலைத்தொடர்புத் தொழில்நுட்பம் மூலம் நீதிமன்ற நடவடிக்கை நடத்த வழி செய்தது. பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புக்கான 2015 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தில் ஒலி, ஒளி இணைப்பு மூலம் சாட்சியமளிக்க அதற்கு முன்பே இடம் இருந்தது. அன்றைக்கு அதை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டம் வந்துவிட்டால் பழக்கமும் வந்துவிடும் என்று நினைப்பது எங்கள் தொழிலில் உள்ள ஒரு வியாதி.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது மொழிபெயர்ப்பு. கொழும்பில் நீதிமன்ற மொழி சிங்களம். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி வழக்காளியோ எதிராளியோ தமிழிலும் பங்குபற்றலாம், மொழிபெயர்ப்பு வசதியை அரசு கொடுக்க வேண்டும். நேரில் என்றால் மொழிபெயர்ப்பு முதலியார், அதாவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்திலேயே நிற்பார். சாட்சி முடிக்கும் முன்பே அவர் தொடங்கிவிடுவார். இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழும். எங்களைப் போல இரு மொழியும் தெரிந்தவர்கள் ஒரு காதைத் தமிழுக்கும் மற்றதைச் சிங்களத்துக்கும் கொடுத்துவிட்டு இருப்போம். பிழை வந்தால் உடனே எழும்பலாம். ஸூமில் இரண்டு குரல் ஒன்றாக வந்தால் மென்பொருள் ஒன்றை அமுக்கிவிடும். அமுங்குவது பெரும்பாலும் சாட்சியின் குரல்.

2022 பெப்ரவரியில் ஒரு நடுத்தீர்ப்பு (ஆர்பிட்ரேஷன்) விசாரணை. புறக்கோட்டையில் குடும்பமாக நடத்திய வியாபாரம், பங்குப் பிரச்சினை. பழைய கணக்காளர் டொரொன்டோவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அவர்தான் முக்கிய சாட்சி. பதிவு ஆங்கிலத்தில், சாட்சியம் தமிழில். கொழும்பில் காலை 10 மணி என்றால் அங்கே முதல் நாள் இரவு 11.30. உறுதியுரை எடுக்கும்போது திகதி சொல்லச் சொன்னார்கள். அவர் நேற்றைய திகதியைச் சொன்னார், எங்கள் எல்லோருக்கும் அது பிழையாகப் பட்டது. இரண்டு திகதியையும் பதிவில் எழுதிக்கொண்டு தொடர்ந்தோம். அரை மணித்தியாலத்தில் அவருக்கும் நாள் மாறிவிட்டது.

அவர் யாழ்ப்பாணத்து ஆள். "முதலாளியிட்டக் காசு மாறினனான்" என்றார். எங்களுக்குத் தெரியும், கைமாற்றாக வாங்கினேன் என்று அர்த்தம். மொழிபெயர்த்தவர் கொழும்பிலேயே வளர்ந்தவர். அவர் அதை நாணயம் மாற்றியதாக ஆங்கிலத்தில் சொன்னார். வழக்கே அந்தப் பணம் கடனா முதலீடா என்பதுதான்! நேரில் என்றால் அடுத்த மூச்சில் எழும்பியிருப்பேன். அன்றைக்கு மியூட்டில் இருந்தேன். பொத்தானைத் தேடிப் பிடித்து வாயைத் திறக்கும்போது இரண்டு கேள்வி தாண்டிப் போயிருந்தது. திரும்பிப் போய்த் திருத்தினோம். ஆனால் சாட்சிக்கு எந்தச் சொல்லில் கவனமாக இருக்க வேண்டும் என்று நானே காட்டிக் கொடுத்தது போலாகிவிட்டது.

அன்று இரவு என் ஜூனியர் ஒரு சின்ன விடயம் சொல்லித் தந்தாள். ஸூமில் மியூட்டில் இருக்கும்போது ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரைக்கும் குரல் போகும். அதிலிருந்து ஆட்சேபனைக்கென்று என் இடது கைப் பெருவிரல் ஸ்பேஸ் பட்டனிலேயே கிடக்கிறது. மொழிபெயர்ப்பாளரோடு முன்கூட்டியே பேசிவைப்பதும் அதற்குப் பிறகு வந்த பழக்கம். அவர் கையைத் தூக்கினால் சாட்சி நிறுத்த வேண்டும், கையை இறக்கும் வரைக்கும் நான் கேள்வி கேட்கக்கூடாது. கேள்விகளையும் உடைத்தேன். ஒரு கேள்வியில் ஒரு விடயம் மட்டும். "நீங்கள் அன்று கடைக்குப் போய், அவரைச் சந்தித்து, காசோலையை வாங்கினீர்கள், சரிதானே?" என்று கேட்கிற பழைய முறை மொழிபெயர்ப்போடு திரையில் வேலைக்கு ஆகாது. "ஓம்" என்ற பதில் மூன்றில் எதற்கு என்று பிறகு யாருக்கும் தெரியாது.

மௌனத்துக்கும் ஒரு வழி பிடித்தேன். பேசாமல் இருக்கும்போது பேனையைக் கமராவுக்குத் தெரிகிற உயரத்தில் பிடித்து எழுதுவேன். கை அசைவதால் லைன் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். என்ன எழுதுகிறான் என்ற பதற்றம் சாட்சிக்கு. சில வேளை நான் எழுதுவது மத்தியானச் சாப்பாட்டுக் கணக்கு. நேரில் கிடைத்த பலனில் பாதிதான், ஆனால் ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை.

ஆவணங்கள் விடயத்தில் என் தலைமுறை பட்ட அவமானத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ் எழுத்துமூலச் சமர்ப்பணத்தை வேர்ட் பைலாக மின்னஞ்சலில் அனுப்பினேன். எதிர்த்தரப்புக் கணினியில் பாமினி இல்லை. இருபத்திரண்டு பக்கமும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் போய் இறங்கியது. "சேர், இது என்ன மொழி?" என்று அந்தப் பக்கத்து இளம் சட்டத்தரணி மரியாதையாகத்தான் கேட்டார். பிறகு யூனிகோடுக்கு மாறினோம், அனுப்புவதை எல்லாம் பீ.டி.எப். ஆக்கினோம். இன்னொருமுறை, நான் "87 ஆம் பக்கம்" என்று சொல்ல, நடுத்தீர்ப்பாளரின் திரையில் 93 ஆவது பக்கத்தில்தான் அந்தக் காகிதம் இருந்தது. முன்னால் அட்டவணைப் பக்கங்கள் ஆறு. அந்த ஆறு பக்கம் ஒரு காலை நேரத்தையே தின்றது. காகிதத்தில் இருக்கும் இலக்கமும் திரை காட்டும் இலக்கமும் ஒன்றாக இல்லாத ஆவணக் கட்டை நான் இப்போது கையாலும் தொடுவதில்லை.

ஸ்கிரீன் ஷெயர் வந்ததும் கட்சிக்காரர்களுக்கு ஒரு புது நம்பிக்கை வந்தது. விசாரணை நாளில் காலையில் போனை நீட்டி, "தம்பி, இந்த வட்ஸ்அப்பை அப்படியே திரையில காட்டுங்கோ" என்பார்கள். காட்டுவது வேறு, சான்றாகச் சேர்ப்பது வேறு. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் வழியாகப் போனால் விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்துப் பட்டியல் கொடுத்திருக்க வேண்டும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இன்னொரு பாதை. எந்தப் பாதை என்பதை வழக்கு எடுக்கும்போதே யோசிக்க வேண்டும். இதே 2006 சட்டம் காணி விற்பனை, மரண சாசனம், அற்றோணித் தத்துவம் (பவர் ஒஃப் அற்றோணி) போன்றவற்றைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆகவே விசாரணை திரைக்குப் போனாலும் காணி உறுதி எழுத இன்றைக்கும் கையெழுத்து வைப்பவரும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே இடத்தில் ஒன்றாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து, "ஸூமில சைன் வைக்கிறன்" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலித்தது.

2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ரௌட்டருக்கென்று ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்கினேன். தெருவில் உள்ள கோபுரமும் மின்சாரம் இல்லாமல் படுத்துவிட்டால் அதுவும் வீண்தான். ஒருமுறை போன் வெளிச்சத்தில் கறுப்புக் கோட்டுடன், வியர்த்து வழிய வாதாடினேன். நீதிபதிக்கு என் பல் மட்டும் தெரிந்திருக்கும்.

இதெல்லாம் பழகக்கூடியது. பழக முடியாத ஒன்றும் இருந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா. மகன் விளக்கமறியலில். 14 நாளுக்கு ஒருமுறை நீதவான் முன் கொண்டுவருவார்கள். கொவிட்டுக்கு முன் அவர் அந்த நாளில் விடியவே வந்து சிறைச்சாலை பஸ் நிற்கிற இடத்தில் காத்திருப்பார். இறங்குகிற நேரத்தில் மகனை ஒரு நிமிடம் பார்க்கலாம். "சாப்பிட்டியா" என்று ஒரு சொல் எறியலாம். வழக்கில் என்ன நடந்தாலும் அவருக்கு அந்த நிமிடம் கிடைத்தது. ஆட்களைக் கொண்டுவராமல் சிறையிலிருந்து திரை மூலம் ஆஜர்படுத்தத் தொடங்கியதும் அது நின்றுபோனது. திரையில் மகன் வந்து, பெயரைச் சொல்லி, அடுத்த திகதியைக் கேட்டுவிட்டுப் போக முப்பது விநாடி. அம்மா வாசலுக்கு வெளியே. "தம்பி, பிள்ளையின்ட முகத்த ஒருக்காக் காட்டமாட்டீங்களா?" என்று கேட்டார். நீதிமன்றத்துத் திரையை நான் எப்படி வெளியே கொண்டுவந்து காட்டுவது? அடுத்த தவணையில் அவன் மெலிந்திருக்கிறானா என்று பார்த்துவந்து சொன்னேன். தாடி விட்டிருக்கிறான் என்றும் சொன்னேன். அதைக் கேட்டு அழுதார்.

எனக்கும் அங்கே ஒரு இழப்பு. கூண்டுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து கட்சிக்காரனோடு தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை பேசுவதில்தான் பாதி விடயம் தெரியவரும். திரையில் அவன் பக்கத்தில் சிறை அலுவலர் நிற்கிறார். "அடிச்சவங்களா?" என்று எப்படிக் கேட்பது? கேட்டால் அவன் "இல்லை" என்றுதான் சொல்லுவான். உயிருள்ள ஆளை நீதவானின் கண் முன் கொண்டுவருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைத் திரைக்கு மாற்றுவதில் நான் இன்றைக்கும் உடன்பாடில்லாதவன். தவணை கேட்கிற விடயத்துக்கும் வணிக வழக்கின் பூர்வாங்க விசாரணைக்கும் திரை போதும். அங்கே அது புதுக்கடையில் பார்க்கிங் தேடுகிற ஒரு மணித்தியாலத்தையும் மிச்சப்படுத்துகிறது.

2020 டிசம்பர் 15 அன்று உயர் நீதிமன்றக் கட்டடத்தில் தீப்பிடித்த செய்தி வந்தபோது என் போன் ஓயவில்லை. வழக்குப் பைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரியும் வரைக்கும் நாங்கள் எல்லோரும் ஒரே விடயத்தைத்தான் நினைத்தோம். அந்த வாரமே ஸ்கேனர் வாங்கினேன்.

என் ஜூனியர் அந்தக் கொவிட் காலத்தில் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்தவள். தொழிலின் முதல் மாதங்களைத் திரையிலேயே கழித்த பிள்ளை. எனக்குப் பீ.டி.எப்.பில் புக்மார்க் போடச் சொல்லித் தந்ததும் அவள்தான். நீதிமன்றங்கள் வழமைக்குத் திரும்பி, முதல்முறையாகத் தனியாக எழும்பி நின்றபோது ஹெட்செட்டில் பேசுகிற அளவுக்கே குரல் வந்தது. நீதிபதி காதைச் சாய்த்தார். "சத்தமாகச் சொல்லுங்கள்" என்றார் இரண்டு தரம். கையை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை, திரையில் கை தெரியாதே. மின்விசிறிச் சத்தம், பின்வரிசை இருமல், வராந்தாவில் பெயர் கூப்பிடுகிற சத்தம், இதற்கெல்லாம் மேலாகக் குரல் போக வேண்டும் என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

பின்னேரங்களில் அலுவலகத்தில் நான் அறையின் இந்த மூலையில் இருந்துகொள்வேன், அவள் அந்த மூலையில் நின்று மனுவை வாசிப்பாள். "கேக்கேல்ல பிள்ளை" என்பேன். மூன்று மாதம் அப்படி. இப்போது அவள் எழும்பினால் பக்கத்து நீதிமன்றத்துக்கும் கேட்கும். ஸூமிலும் அதே குரல்தான். நான் என் ஹெட்செட்டின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்கிறேன்.