ஓவன்ஸ்பரோவில் மட்டன் வேகும் இரவு

லூயிவில் நகரிலிருந்து தென்மேற்காகக் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றால், ஓகையோ ஆற்றின் தென்கரையில் ஓவன்ஸ்பரோ வருகிறது. கென்டக்கி மாநிலத்தின் இந்த நகரில் 1979ஆம் ஆண்டு தொடங்கி, மே மாதத்தின் இரண்டாவது வார இறுதியில் ஆற்றையொட்டிய தெருக்களில் நடந்துவந்த பன்னாட்டு பார்பிக்யூ விழாவைக் காண நான் 2018இல் சென்றிருந்தேன்.

பார்பிக்யூ என்றால் டெக்சஸில் மாட்டிறைச்சி, கரோலினாக்களில் பன்றியிறைச்சி. ஓவன்ஸ்பரோவில் மட்டும் அது மட்டன். நம் ஊரில் மட்டன் என்று கேட்டால் பெரும்பாலும் வெள்ளாட்டுக் கறிதான் கிடைக்கும்; இங்கே அச்சொல் முதிர்ந்த செம்மறியை மட்டுமே குறிக்கிறது. 1816இல் அமெரிக்க அரசு இறக்குமதிக் கம்பளித் துணிக்கு வரி விதித்தபின் இப்பகுதியில் செம்மறி வளர்ப்பு பெருகியது என்றும், ரோமம் குறைந்துபோன கிழட்டு ஆடுகளை வீணாக்காமல் உண்ணத் தேடிய வழியே இச்சமையல் என்றும் உள்ளூரில் சொல்கிறார்கள். அத்தகைய ஆட்டின் கறி நார்நாராக இருக்கும். கொழுப்பின் வாடையும் கடுமையாக இருக்கும். அதை மென்மையாக்க மெல்லிய சூட்டையும் நீண்ட நேரத்தையும் தவிர வேறு வழியில்லை. ஆகவே சமையல் முந்தைய நாளே தொடங்கிவிடுகிறது.

வெள்ளிக்கிழமை மாலை நான் போய்ச் சேர்ந்தபோது தெருவின் நடுவே நீண்ட திறந்த அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஹிக்கரி மரக்கட்டைகளை முதலில் கொழுந்துவிட்டு எரியவிட்டு, சுவாலை அடங்கித் தணல் ஆன பிறகே இறைச்சியை மேலே வைக்கிறார்கள். அடுப்பைச் சூழ்ந்து நின்றவர்கள் சமையலைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். சுற்றுவட்டாரக் கத்தோலிக்க ஆலயங்களின் பங்கு மக்களே, அதாவது அந்தந்த ஆலயத்தைச் சேர்ந்த மக்களே, குழு குழுவாக வந்து சமைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மேரிலாந்திலிருந்து கென்டக்கிக்குக் குடிபெயர்ந்த கத்தோலிக்கர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் இப்பகுதியில் வாழ்கிறார்கள். ஆலயத்துக்கும் பள்ளிக்கும் நற்பணிகளுக்கும் பணம் திரட்டக் கோடைதோறும் ஒவ்வொரு பங்கும் பார்பிக்யூ விருந்து நடத்துவது அவர்களுடைய வழக்கம். மாநிலத்தின் மேற்கு மூலையில் உள்ள ஃபேன்சி ஃபார்ம் என்னும் சிற்றூரில், புனித ஜெரோம் ஆலயம் 1880இலிருந்து நடத்திவரும், இப்போது ஆகஸ்டு மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று நடக்கும் விருந்தும் இவ்வகைப்பட்டதே; அங்கே அரசியல் தலைவர்கள் மேடையேறிப் பேசுவதும் வழக்கமாகிவிட்டது.

எனக்கு இந்த விழாவின் உயிர் அந்த இரவில்தான் இருந்தது. நள்ளிரவுக்குப் பின் கூட்டம் கலைந்துவிட, தணலருகே காவல் இருந்தவர்கள் மட்டுமே எஞ்சினார்கள். சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் எழுந்து, நீண்ட பிடியுள்ள பஞ்சுத் துடைப்பத்தை வாளியில் முக்கி, கறித்துண்டுகளின்மேல் தாராளமாகத் தடவினார். வாளியில் இருந்தது அவர்கள் ‘டிப்’ என்று அழைக்கும் கரிய நீர். வூஸ்டர் சாஸ், வினிகர், எலுமிச்சைச் சாறு, மிளகு ஆகியவை கலந்து, நம் ரசத்தைப் போல நீர்த்திருந்தது. அதன் புளிப்பு கொழுப்பின் வாடையை அடக்குகிறது. ஈரமோ மேற்புறம் காய்ந்து கருகாமல் காக்கிறது. அடுப்பருகே நின்ற முதியவர் ஒருவரிடம் இந்த வேலையை எப்போது கற்றார் என்று கேட்டேன். பள்ளி நாள்களில் தம் தந்தையுடன் விறகு அடுக்க வந்ததாகவும், அந்த விருந்துப் பணத்தில் நடந்த பங்குப் பள்ளியிலேயே தாம் படித்ததாகவும் அவர் சொன்னார். அவருடைய பேரன் அப்போது சற்றுத் தள்ளி ஒரு நாற்காலியில் உறங்கிக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் கோழிகளின் முறை வந்தது. இரண்டு கம்பிச் சட்டங்களுக்கு இடையே கோழிகளை வரிசையாக இறுக்கி, இருபுறமும் இருவர் நின்று சட்டத்தோடு ஒரே மூச்சில் புரட்டினார்கள். மட்டன், கோழி, பர்கூ என்னும் கெட்டியான சாறு ஆகியவற்றை நடுவர்கள் சுவைத்துப் பார்த்து மதிப்பிட்டார்கள். வெல்லும் குழுவுக்கு ஆளுநர் கோப்பை இருந்தது. ஆனால் தெருவில் நின்ற மக்களின் கவனம் கோப்பையில் இல்லை, விற்பனை மேசையில்தான் இருந்தது. நானும் வரிசையில் நின்று, ரொட்டியின்மேல் கொத்திய மட்டனும் வெங்காயமும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்த ஒரு தட்டு வாங்கினேன். முதலில் புகை, அடுத்துப் புளிப்பு, அதன் பிறகே செம்மறியின் அழுத்தமான சுவை நாவில் தங்கியது. அந்த அழுத்தத்தை முழுவதுமாக மறைக்காமல் விட்டிருந்தார்களே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பர்கூ என்பது மட்டன், கோழி, சோளம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், தக்காளி எல்லாம் ஒன்றாகக் கரையுமளவு வேகும் கெட்டியான சாறு. முற்காலத்தில் அணில் உள்ளிட்ட வேட்டைக் கறியும் அதில் சேர்ந்ததாம். அடி பிடிக்காதிருக்கப் படகுத் துடுப்பு போன்ற மரக்கட்டையால் இடைவிடாமல் கிண்டுகிறார்கள். உள்ளூர்வாசிகள் வீட்டுக்கு எடுத்துச்செல்ல கேலன் கணக்கில் அதை வாங்கினார்கள். பிற்பகலில் நான் கொப்பரையருகே சென்றபோது அடியில் சிறிதளவே எஞ்சியிருந்தது. கிண்டிக்கொண்டிருந்த பெண்மணி துடுப்பால் வழித்து ஒரு கிண்ணம் நிரப்பித் தந்துவிட்டு, நான் கொடுத்த ஐந்து டாலர் தாளைப் பங்குப் பெட்டிக்குள் போட்டார்.