அட்டவணையை வைத்தே வளைவைக் கண்டுபிடிப்பது

கொஞ்ச நாளாக, கணிதச் சார்புகளை வரைபடத் தாளில் கையால் வரைந்து பழகி வருகிறேன். செயலியில் சமன்பாட்டைத் தட்டினால் கோடு நொடியில் வந்துவிடும். ஆனால் அது ஏன் அந்த இடத்தில் வளைகிறது என்பது ஒவ்வொரு புள்ளியாக வைக்கும்போதுதான் பிடிபடுகிறது. இப்போது எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. எக்ஸை ஒவ்வொன்றாகக் கூட்டி அட்டவணை போட்டதும், பென்சிலை எடுக்காமல் முதலில் ஒய் மதிப்புகளின் வித்தியாசத்தை எழுதிப் பார்க்கிறேன்.

நேரிய சார்பு சுலபம். 2எக்ஸ் + 1 என்றால் 1, 3, 5, 7. வித்தியாசம் எப்போதும் 2. அதுவேதான் சாய்வு.

எக்ஸ் வர்க்கத்துக்கு 0, 1, 4, 9, 16 வருகிறது. வித்தியாசங்கள் 1, 3, 5, 7. அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் மறுபடி 2, மாறவே மாறாது. பரவளையம் ஒரே சீராகச் செங்குத்தாகிக்கொண்டே போவது இதனால்தான். மேலிருந்து விழும் பொருள் அடுத்தடுத்த சம நேரங்களில் கடக்கும் தூரங்களும் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில்தான் இருக்கும் என்று கலிலியோ 1638-ல் வெளியான நூலில் சொல்லியிருக்கிறார். அதே வரிசை என் தாளிலும் இருந்தது பெரிய சந்தோஷம். எக்ஸ் முப்படிக்கு வித்தியாசங்களின் மூன்றாவது வரிசை வரை இறங்கினால் 6, 6, 6 என்று நிற்கும்.

நகர்த்துவதையும் பார்த்தேன். (எக்ஸ் − 3) வர்க்கம் வலது பக்கம் 3 கட்டம் நகர்கிறது. கழித்தல் குறி இருக்க, வலப்பக்கம் ஏன்? அடைப்புக்குள் பூச்சியம் வர எக்ஸ் 3 ஆக வேண்டும். பரவளையத்தின் முனை அங்கேதான் உட்காரும்.

அப்புறம் அடுக்குச் சார்பு. 2-இன் அடுக்குகள் 1, 2, 4, 8, 16. வித்தியாசம் எடுத்தால் 1, 2, 4, 8 என்று அதே வரிசை திரும்பி வருகிறது! எத்தனை முறை கழித்தாலும் மாறிலி கிடைக்காது. இங்கே மாறாதது விகிதம். ஓர் அலகுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால், எக்ஸ் 10 ஆகும்போது உயரம் 1024 சென்டிமீட்டர், அதாவது பத்து மீட்டருக்கும் மேல். எக்ஸ் −10-இல் அது 0.01 மில்லிமீட்டருக்கும் கீழே. பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே மறைந்துவிடும். ஆனாலும் அச்சைத் தொடாது. இதே தாளை ஒய் = எக்ஸ் கோட்டில் மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் மடக்கைச் சார்பு தெரிகிறது.

1/எக்ஸ் சார்பில் வித்தியாசம், விகிதம் இரண்டும் உதவாது. எக்ஸையும் ஒய்யையும் பெருக்கினால் எப்போதும் 1, அதுதான் அடையாளம். முழு எண்களோடு நிறுத்தாமல் 0.5, 0.25, 0.1 எல்லாம் போட்டால்தான் அச்சை ஒட்டி எகிறுவது தெரியும். இரண்டு கிளைகளையும் பூச்சியத்தின் வழியே இணைக்கக் கூடாது. அங்கே மதிப்பே கிடையாது.

இப்போது சைன் வரைந்துகொண்டிருக்கிறேன். 30 பாகை இடைவெளியில் 0, 0.5, 0.866, 1, 0.866. இரண்டாவது வித்தியாசங்கள், அதாவது வித்தியாசங்களுக்கு இடையிலான வித்தியாசங்கள், −0.134, −0.232, −0.268. ஒவ்வொன்றும் அந்தந்த இடத்துச் சைன் மதிப்பை −0.268-ஆல் பெருக்கியதுதான். வளைவு உயரே போகப்போக அதைக் கீழே இழுப்பதும் அதே அளவுக்குக் கூடுகிறது. அலை திரும்புவது ஏன் என்று இந்த மூன்று எண்களிலேயே தெரிந்துவிட்டது. அடுத்து 10 பாகை இடைவெளியில் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பெருக்கெண் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்க ஆசை.