சிலையில் தொடங்கி வெள்ளக்கோட்டில் நிற்கிறேன்

இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டும் செல்போனுமாக ஆற்றங்கரை நெடுகச் சுற்றுகிறேன். ஊரில் இருக்கும் சிலை, நினைவுத் தூண், கல்வெட்டு எதையும் விடாமல் பதிவுசெய்வதுதான் திட்டம். இதுவரை 31 ஆகியிருக்கிறது.

சிலைகள் சுலபம். பீடத்திலேயே பெயரும் ஆண்டும் இருக்கும். இரண்டு படம், முடிந்தது. மல்லுக்கு நிற்பவை மழையில் கரைந்த சுண்ணாம்புக் கற்கள்தான். ஃபிளாஷ் போட்டு நேராக எடுத்த படம் ஒன்றுகூடத் தேறவில்லை. நேர் வெளிச்சத்தில் எழுத்துக் குழிக்குள் நிழலே விழாது. சாக்பீஸ் தேய்க்கச் சொன்னார்கள். துகள் கல்லின் நுண்துளையில் தங்கிவிடும், நைந்த கல் உதிரவும் செய்யும் என்பதால் வேண்டாமென்று விட்டுவிட்டேன். ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் அடித்து மைப்படி எடுப்பதெல்லாம் பழகிய கைகளுக்கான வேலை.

கடைசியில் கைகொடுத்தது டார்ச். இருட்டிய பிறகு கல்லை உரசுகிற மாதிரி பக்கவாட்டில் பிடித்தேன். 1887 என்று குறித்து வைத்திருந்தது 1837 ஆகிவிட்டது! 3-இன் இடதுபக்கத்தைக் கற்பாசி அடைத்து 8 ஆக்கியிருக்கிறது. அப்புறம் பழைய பதிவுகளையெல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று.

இப்போது மனசு முழுக்க வெள்ளக்கோடுகள்தான், அதாவது வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரில் வெட்டி வைத்த கோடுகள். சிலையைப் பெயர்த்து எங்கே வைத்தாலும் அது சிலைதான். வெள்ளக்கோட்டை ஒரு சாண் நகர்த்தினால் பொய்யாகிவிடும். ஜெர்மனியின் பாசாவ் நகர்மன்றச் சுவரில் 1501-ஆம் ஆண்டுக் கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் 2013 வெள்ளத்தின் கோடு. இதற்கு நேரெதிர், செக் நாட்டு டெசினில் எல்பே ஆறு வற்றும்போது மட்டும் தலைகாட்டும் பஞ்சக்கல். 'என்னைப் பார்த்தால் அழு' என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். அதிலுள்ள வறட்சி ஆண்டுகளில் 1616-ம் ஒன்று.

இங்கே பாலத்தடிச் சுவரில் மூன்று கோடுகள். அடிக்கோடு என் கணுக்கால் உயரத்தில் இருந்தது. இவ்வளவுதானா வெள்ளம் என்று முதலில் சிரித்துவிட்டேன். பக்கத்துப் படிக்கட்டில் பாதி மண்ணுக்குள் போயிருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது, உயர்ந்தது சாலை. ஆக, தரையிலிருந்து அளந்து பயனில்லை. பாலத்தூணின் அடிக்கல்லை ஆதாரமாக வைத்து அளக்கப் போகிறேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.