இராயனுக்கு அபயமிடாதவர்

பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதியது என் கைதான். இறுதிக் கணக்கைத் தயாரிப்பது எங்கள் பிரிவின் வேலை; முடிவு எடுத்தது நிர்வாகம். இதை எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் அந்தத் தம்பியோடு பேசிய பேச்சு மனத்தைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

விஷயம் இவ்வளவுதான். மும்பைக்குப் பக்கத்தில் பிவண்டியில் உள்ள எங்கள் கிடங்கின் மேற்பார்வையாளர், பதினோரு வருட சர்வீஸ், எங்கள் திருநெல்வேலிப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிறிஸ்தவ சபைக்கே வருகிறவர். தினக்கூலி வவுச்சர்களில் வேலைக்கு வராத ஆட்களின் பெயர்களை எழுதிப் பணம் எடுத்திருக்கிறார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. தானாகவே வந்து சொன்னார்.

வவுச்சர் கட்டை என் மேசைமேல் வைத்து, பக்கத்தில் தன் இடது கட்டைவிரலை நீட்டினார். விரலின் குறுக்கே சாய்வாக ஒரு பழைய வெட்டுத் தழும்பு. நான் புரட்டிப் பார்த்தேன். வெவ்வேறு பெயர்கள், எல்லாவற்றுக்கும் கீழே ஊதா மையில் கைநாட்டு, ஒவ்வொரு ரேகையின் நடுவிலும் அதே சாய்ந்த வெள்ளைக் கோடு. எல்லாமே ஐயாயிரத்துக்குக் கீழ்ப்பட்ட தொகைகள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியதில்லை. கணக்கு நேராக இருந்தது. தணிக்கைக்காரர் வந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

மொத்தம் 42,600 ரூபாய். அவர் கொண்டுவந்த உறையில் 51,120 இருந்தது. மிச்சம் எதற்கு என்றேன். “ஐந்தில் ஒரு பங்கு கூடச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் அண்ணாச்சி. லேவியராகமம் ஆறாம் அதிகாரம்” என்றார். மனைவியின் வளையலை விற்ற பணம் என்பது பிறகு தெரிந்தது.

எத்தனையோ விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். அகப்பட்ட பிறகுதான் பலருக்குக் கடவுள் நினைவு வரும். ‘ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார், நீங்களும் பெரிய மனது பண்ணுங்கள்’ என்று அழுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியும். அகப்படாமலே வந்து, மன்னிப்பும் கேட்காமல் நிற்கிறவரிடம் என்ன சொல்வது?

பணத்தைக் கட்டிவிட்டு, சொந்தக் காரணம் என்று ராஜினாமா கொடுங்கள், மேலிடத்தில் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். இதில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அன்றைக்கு நடப்பில் இருந்த 1972ஆம் வருடத்துப் பணிக்கொடைச் சட்டப்படி, ராஜினாமா செய்தால் அவருக்கு வர வேண்டிய தொகை வந்துவிடும். அடிப்படைச் சம்பளம் 26,000. அதை 26ஆல் வகுத்து, 15 நாளுக்குப் பெருக்கினால் வருடத்துக்குப் பதினைந்தாயிரம். பதினோரு வருடத்துக்கு 1,65,000. கையாடலுக்காக வேலை நீக்கம் என்றால், ஒழுக்கக்கேடான குற்றம் என்று சொல்லி அதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருகிறது. வருங்கால வைப்பு நிதியில் மட்டும் கைவைக்க முடியாது. இதையெல்லாம் தாளில் போட்டுக் காட்டினேன்.

“சொந்தக் காரணம் இல்லையே, அண்ணாச்சி” என்றார்.

“ஆண்டவர் மன்னித்த பிறகு தண்டனை எதற்கு, தம்பி?”

“தாவீதை மன்னிக்கவில்லையா?”

அதற்குமேல் அந்த அறையில் நான் எதுவும் சொல்லவில்லை. பிறன் மனைவியைச் சேர்த்துக்கொண்டு அவள் கணவனைச் சாகவைத்த தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான்: உன் பாவத்தைக் கர்த்தர் நீக்கினார், ஆனாலும் பிள்ளை சாகும். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கும் அப்படித்தான். நாம் நடப்பித்ததற்குத் தக்க பலனை அடைகிறோம் என்று அவன் ஒத்துக்கொண்டான். அன்றே பரதீசு கிடைக்கும் என்ற வாக்கும் பெற்றான். ஆனால் யாரும் அவனைக் கீழே இறக்கவில்லை. இவை தெரியாதவன் இல்லை நான். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் தாவீதின் கதையில் செத்தது தாவீது இல்லையே. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். வேலையை விட்டான் என்று சுவிசேஷத்தில் லூக்கா எங்கேயும் எழுதவில்லை. இந்தப் பதில்கள் எல்லாம் இரவு வீட்டுக்குப் போகும் ரயிலில், தாணேக்கும் குர்லாவுக்கும் இடையில் வந்தன. வேளைக்கு வருகிற பதில் எனக்கு வாய்த்ததே இல்லை.

விளக்கக் கடிதத்தில் உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தார். உள்விசாரணை ஒரே அமர்வில் முடிந்தது. வேலை நீக்கம், பணிக்கொடை முழுவதும் பறிமுதல். ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுத்ததைப் பற்றி உத்தரவில் ஒரு வரிகூட இல்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. செய்ததற்குப் பலனை ஏற்பது ஒன்று, எதிராளி எவ்வளவு கேட்டாலும் கொடுத்துக்கொண்டே இருப்பது வேறொன்று. தொழிலாளர் துறையில் இதற்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார். நிறுவனத்துக்கு நட்டம் ஒரு காசு இல்லை, வாதாட இடம் இருக்கிறது. நிறுவனத்தின் சம்பளத்தை வாங்கிக்கொண்டே நிறுவனத்துக்கு எதிராக மனுப் போடச் சொன்னேன். அதற்கும் வேதத்தைத்தான் துணைக்கு அழைத்தேன். செசரியாவில் ரோம ஆளுநர் பெஸ்துவின் முன்னால் பவுல் என்ன சொன்னார்? மரணத்துக்குப் பாத்திரமாக ஏதாவது செய்திருந்தால் சாகத் தயார் என்றார். அதே மூச்சில் ‘இராயனுக்கு அபயமிடுகிறேன்’, அதாவது ரோமப் பேரரசனிடமே முறையிடுகிறேன் என்றும் சொன்னார். மேல்முறையீடு செய்வது விசுவாசக் குறைவு இல்லை, தம்பி.

“பவுல் குற்றமற்றவர், அண்ணாச்சி” என்றார்.

குற்றவாளிக்கும் அளவு உண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். உபாகமம் இருபத்தைந்தில் அடிபட வேண்டியவனுக்கும் நாற்பதுக்கு மேல் அடிக்கக் கூடாது, அடித்தால் உன் சகோதரன் உன் கண்ணுக்கு நீசனாகிவிடுவான் என்று இருக்கிறது. நீசனாக ஆகிக்கொண்டிருந்தவருக்கே அது உறைக்கவில்லை. அல்லது உறைத்தும், அதுவும் சேர்த்துத்தான் தண்டனை என்று எண்ணினாரோ. பணிவு எங்கே முடிகிறது, தன்னைத்தானே அடித்துக்கொள்வது எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சில நாட்களில் அது ஒருவகைப் பெருமை என்றுகூடத் தோன்றும். அப்படி நினைத்ததும், அவர் பக்கத்தில் நிற்கக் கூசுகிற மனம்தான் அப்படி நினைக்கிறதோ என்ற சந்தேகமும் வரும்.

எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். அவர் பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தை எடுத்தார். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைப் பவுல் ஒளித்துவைக்கவில்லை, எஜமானிடமே திருப்பி அனுப்பினார், கடன்பட்டது எதுவானாலும் ‘அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்’ என்று எழுதி அனுப்பினார் என்றார். கணக்குக்காரனிடம் சொல்லக்கூடாத வசனம். பிலேமோன் பவுலுக்கு வேண்டியவர், ஐயரே. எனக்குமேல் இருப்பது இயக்குநர் குழு என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தம்பியின் மனைவி ஒருநாள் ஆராதனை முடிந்ததும் என்னை நிறுத்தினார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்சிங் சேர இருந்தவள். இப்போது தாராவியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். “அவர் பாரம் இறங்கிவிட்டது அண்ணன். நன்றாகத் தூங்குகிறார்” என்றார். அதைக் குறையாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று குரலில் தெரியவில்லை. பிறகு, அந்த மனுவில் அவருக்குப் பதிலாகத் தான் கையெழுத்துப் போட்டால் செல்லுமா என்று கேட்டார். செல்லாது, அவர் உயிரோடு இருக்கும்போது அவர்தான் போட வேண்டும் என்றேன். தாமதத்துக்குக் காரணம் காட்டினால் இன்னும் ஏற்றுக்கொள்ள வழியிருக்கிறது என்றும் சொன்னேன். படிவத்தை வாங்கித் தன் வேதாகமப் பைக்குள் வைத்துக்கொண்டார். கணவரிடம் காட்டினாரா என்று நான் இதுவரை கேட்கவில்லை.