மூவிலை முடிச்சு ஒருவழியாகத் தட்டையாகப் படுத்தது

கம்பியில் முடிச்சுப் போட்டு முனைகளை இணைத்துவிட்டால், அது தானாக எந்த வடிவத்துக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி அவற்றில் எளியதான மூவிலை முடிச்சு மேசையில் தட்டையாகப் படுத்துவிட்டது. 0.8 மி.மீ. ஸ்பிரிங் கம்பி, நீளம் 120 செ.மீ. சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, முனைகளை இணைத்துக் கையை எடுத்தேன். படங்களில் வருகிற மாதிரி மூன்று இதழாக நிற்கவில்லை. தானாகச் சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு சுற்று வளையமாகிவிட்டது. விட்டம் 19 செ.மீ. ஒரு சுற்றுக்கு 60 செ.மீ. என்ற கணக்குப்படி வர வேண்டியது 19.1. அளவுகோலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆறு வார வேலை.

தகராறு முழுக்க இணைப்பில்தான். முடிச்சுப் போடும்போதே கை கம்பியை முறுக்கிவிடுகிறது. இரண்டு முனையையும் பசை போட்டு ஒட்டினால் அந்த முறுக்கு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் நாம் பார்ப்பது வளைவின் ஆற்றலை மட்டுமல்ல, முறுக்கின் ஆற்றலையும் சேர்த்துத்தான். என் முதல் நான்கு முடிச்சுகளும் அதனால்தான் மேசையிலிருந்து ஒரு பக்கம் எம்பி நின்றன. ஆகவே முனை சுழல வேண்டும், ஆனால் கழன்று வரக் கூடாது. இரண்டு முனையையும் உள்ளே நுழைக்கும் குழாயாக, மருந்துக்கடையில் கிடைக்கும் 18 கேஜ் இன்ஜெக்‌ஷன் ஊசி இதற்குப் பொருந்தியது. உள்துளை சுமார் 0.84 மி.மீ., கம்பி ஒரு மயிரிழை இடைவெளியோடு நுழைகிறது. கட்டிங் பிளையரால் வெட்டாதீர்கள், வாய் நசுங்கிவிடும். சன்ன அரத்தால் சுற்றிலும் கோடு இழுத்து ஒடியுங்கள். உள்ளே நிற்கும் பிசிரைத் தையல் ஊசியால் எடுத்துவிடுங்கள். 25 மி.மீ. போதும். ஒரு முனைக்கு மட்டும் பசை, மறு முனைக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. மாட்டியதும் விரலால் நாலைந்து இடத்தில் சுண்டினால் முறுக்கு வழிந்துபோவது கண்ணுக்கே தெரியும்.

கம்பியும் நேராக இருக்க வேண்டும். பாரிமுனை சந்துக் கடை ஒன்றில் சுருளாக வாங்கியது வீண். சுருளின் வளைவு அதிலேயே தங்கிவிட்டது. நீட்டிய கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். காசிமேட்டில் வலை பழுது பார்க்கும் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "தங்கூசியும் அப்படித்தான் தம்பி, சுடுதண்ணில போட்டு இழுத்து வை, சுருளு போயிடும்" என்றார். தங்கூசி என்பது மீன்பிடிக்கிற நைலான் இழை. தடித்த தங்கூசியில் செய்து பார்த்தேன், நன்றாகவே நிமிர்ந்தது. மழைக்காலத்தில் தங்கூசியிலேயே ஒரு வரிசை முடிச்சுகள் செய்யப் போகிறேன்.

சரி, இது ஏன் இரண்டு சுற்றாகிறது? முடிச்சில்லாத வளையம் 360 டிகிரி வளைந்தால் போதும். முடிச்சு விழுந்த வளையம் எதுவானாலும் மொத்தம் 720 டிகிரிக்கு மேல் வளைந்தே ஆக வேண்டும் என்று கணித அறிஞர்கள் ஃபேரி 1949லும் மில்னர் 1950லும் நிறுவினார்கள். அதே நீளக் கம்பி இரண்டு சுற்று போனால் வளைவு இரட்டிப்பு. ஆற்றல் வளைவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் நான்கு மடங்கு. கம்பி அந்த எல்லையை முடிந்தவரை நெருங்குகிறது. மீள்கம்பி மூவிலை முடிச்சின் கடைசி வடிவம் இரட்டை வட்டம்தான் என்று கெர்லாக், ரைட்டர், ஃபான் டெர் மோசல் மூவரும் 2017இல் வெளியிட்ட கட்டுரையில் நிரூபித்திருக்கிறார்கள்.

என்னைத் தூங்கவிடாதது அடுத்து செய்ததுதான். கம்பி ஐந்து முறை குறுக்கிடும் முடிச்சை, இரட்டை இழையை இன்னும் ஒரு முழுச்சுற்று முறுக்கி, அதே 120 செ.மீ.யில் செய்தேன். அதுவும் 19 செ.மீ. வளையமாகவே படுத்தது! சிக்கல் கூடியிருக்கிறது, ஆற்றல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

கயிற்றில் கதை வேறு. போன மாதம் 12 மி.மீ. கயிற்றில் இழுத்து இறுக்கியபோது மூவிலைக்கு 24 செ.மீ. கயிறு போனது, ஐந்து குறுக்குக்கு 33. (கணினியில் கண்ட மிகக் குறைந்த நீளம் மூவிலைக்குக் கயிற்றின் விட்டத்தைப்போல் 16.37 மடங்கு, அதாவது 19.6 செ.மீ. நிஜக் கயிறு அவ்வளவு மடங்காது.) கயிறு ஒவ்வொரு குறுக்குக்கும் விலை கேட்கிறது. மெல்லிய கம்பி குறுக்குகளை எண்ணுவதில்லை, எத்தனை சுற்று என்று மட்டும் பார்க்கிறது. முடிச்சு சிக்கலானால் ஆற்றல் கூடும் என்று யாராவது சொன்னால் எந்த ஆற்றல் என்று இனி கேட்பேன்.

அடுத்தது '8' வடிவ முடிச்சு, சுருக்கமாக எட்டு முடிச்சு. அதில் குறுக்கு நான்குதான். ஆனால் இரண்டு இழையை எத்தனை முறுக்கு முறுக்கினாலும் அது வராது. அக்கா மகளுக்குச் சடை போடும்போதுதான் உறைத்தது: மூன்று கால் சடையை நாலு முறை மாற்றிப் பின்னி, முனைகளை வரிசையாக இணைத்தால் எட்டு முடிச்சு. ஐந்து குறுக்கு முடிச்சு படுத்த மாதிரி இது இரட்டை வட்டமாகப் படுக்க முடியாது. ஊசி வெட்டி, பிசிர் எடுத்து வைத்துவிட்டேன். நேர்க்கம்பி திங்கட்கிழமை வருகிறது. ஐந்து குறுக்கு வளையத்துக்கு மட்டும் இன்னும் ஒருமுறை எண்ணெய் விட்டுச் சுண்டிப் பார்க்க வேண்டும், இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு இடம் மேசையைத் தொடாமல் நிற்கிறது.