தாத்தா கொஞ்சம் தள்ளி நின்றிருக்கலாம்

பழைய கார்களோடு நம் முன்னோர்கள் எடுத்துக்கொண்ட போட்டோக்களில் ஒரு பொதுக் குணம் உண்டு. காரை அடையாளம் காட்டக்கூடிய இடம் எதுவோ, சரியாக அங்கேதான் ஆள் நிற்பார். ரேடியேட்டரை மறைத்துப் பெரியப்பா. பானெட் மேலிருக்கும் பொம்மையைக் கையால் மூடிக்கொண்டு சித்தப்பா. சக்கரத்தின் நடுமூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம் என்றால், அதற்கு முன்னால் அரை டிராயரோடு ஒரு பையன். மீதி தெரிவது ஒரு மட்கார்டு, அரைக் கதவு, பின்னால் ஒரு வேப்பமரம். வேப்பமரத்தை வைத்து நான் என்ன மாடல் சொல்வது?

இந்த மாதிரி போட்டோக்களைத் தேடிச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. எனக்கென்று இருப்பது ஒரு ஸ்கூட்டர்தான். "கார் வாங்க வழியில்லாதவர் கார் போட்டோ வாங்குறார்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி சொல்லுவாள். உண்மைதான். ஆனால் போட்டோவுக்கு இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டியதில்லை, பார்க்கிங்கும் தேட வேண்டியதில்லை.

பழைய பேப்பர் கடை, இடிக்கப் போகிற வீடு, சொந்தக்காரர் வீட்டுப் பரண் என்று எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தட்டுகளையும் ஊறுகாய் ஜாடிகளையும் நகர்த்தினால் அடியில் ஆல்பம் இருக்கும். அங்கே ஒரு கடைக்காரர் வைத்திருக்கும் விலைப்பட்டியல் எனக்கு மனப்பாடம். ஆள் மட்டும் இருந்தால் ஐம்பது ரூபாய். கார் இருந்தால் முந்நூறு. காரும் வெள்ளைக்காரனும் இருந்தால், "நீங்களே பாத்துக் குடுங்க." ஒரு படத்தில் வெள்ளைக்காரர் ஓரமாக நின்று பாதிதான் விழுந்திருந்தார். அதைக் காட்டிப் பேரம் பேசினேன். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "தொப்பி முழுசா இருக்கே சார்" என்றார். குறைக்கவில்லை.

அடையாளம் காண்பதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. முகத்தையும் சக்கரத்தையும் பார்க்கத் தெரிந்தால் போதும். பக்கார்டு என்றால் ரேடியேட்டரின் மேல்பகுதி இரண்டு தோள்போல வளைந்து இறங்கும், சக்கரத்தின் நடுவில் அறுகோணம் இருக்கும். பழைய வாக்ஸ்ஹாலுக்குப் பானெட்டின் இரண்டு பக்கமும் நீள வாய்க்கால். டெய்ம்லருக்கு ரேடியேட்டரின் உச்சியில் வரிவரியாகப் பள்ளம். பானெட் பக்கவாட்டில் வட்டமாக ஓட்டைகள் இருந்தால் அது 1949-லிருந்து வந்த ப்யூக். ஆரம்ப வருஷங்களில் நான்கு ஓட்டை என்றால் விலை உயர்ந்த ரோட்மாஸ்டர், மூன்று என்றால் அதற்குக் கீழே. அந்தஸ்தை ஓட்டையில் எண்ணிக் காட்டிய ஒரே கம்பெனி அதுவாகத்தான் இருக்கும். செவ்விந்தியத் தலைவரின் தலை இருந்தால் பான்டியாக், பாய்மரக் கப்பல் இருந்தால் ப்ளிமத்.

ரோல்ஸ் ராய்ஸ் விஷயத்தில் ஒரு கொடுமை உண்டு. முகப்பில் இருக்கும் ஆர் ஆர் எழுத்துகள் 1930-களின் ஆரம்பம் வரை சிவப்பு, அதற்கப்புறம் கறுப்பு. காலம் கணிக்க இதைவிட நல்ல தடயம் கிடையாது. ஆனால் நம்மிடம் இருப்பது கறுப்பு வெள்ளைப் படம். சிவப்பும் அதில் கறுப்புதான்.

ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கிறதென்று, அமெரிக்கக் கார்தான் என உடனே குதிக்கவும் கூடாது. இங்கே வந்த அமெரிக்கக் கார்களிலும் பெரும்பாலானவை வலது பக்க ஸ்டீயரிங்தான். கனடாவில் இருந்த தொழிற்சாலைகள் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளுக்கென்றே அப்படிச் செய்து அனுப்பின. ஆகவே கும்பகோணத்துப் படத்தில் இடது ஸ்டீயரிங்கைப் பார்த்தால் நான் முதலில் பக்கத்தில் நிற்பவரின் சட்டைப் பையைப் பார்ப்பேன். பை வலது மார்பில் இருந்தால், அவசரத்தில் ஸ்டூடியோக்காரர் நெகடிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

நம்பர் பிளேட் தெரிந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் பாயசம். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கினால் பழைய மெட்ராஸ் ராஜ்யம். நடுவில் சிங்கள ஸ்ரீ இருந்தால் இலங்கை, அதுவும் 1950-களின் பிற்பகுதிக்கு மேல். என் வாழ்நாள் கனவு, பேப்பர் கடைக் கட்டு ஒன்றிலிருந்து எம்.சி. 3 என்ற நம்பரோடு ஒரு படம் விழவேண்டும் என்பது. மெட்ராஸில் கார் வாங்கிய முதல் இந்தியர் என்று சொல்லப்படும் கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாரின் வண்டி அது. இதுவரை அப்படி ஒரு கட்டிலிருந்து விழுந்தது 1974-ஆம் வருஷத்துக் கரண்ட் பில்.

ஏமாற்றும் படங்கள் தனி ரகம். பொருட்காட்சி ஸ்டூடியோவில் பிளைவுட் காருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டுக் குடும்பமே உட்கார்ந்திருக்கும். வரைந்தவர் முன்பக்கத்துக்கு செவர்லேவையும் பின்பக்கத்துக்குத் தன் மனச்சாட்சியையும் பின்பற்றியிருப்பார். நம்பர் பிளேட்டில் ஸ்டூடியோ பெயர். இதையும் ஒருவர் "என்ன மாடல்?" என்று அனுப்பினார். "மரம்" என்று பதில் போட்டேன். மாப்பிள்ளை அழைப்புப் படங்கள் இன்னும் மோசம். திறந்த கார், சுற்றிலும் பெட்ரோமாக்ஸ், நடுவில் விறைத்துப்போன மாப்பிள்ளை. எல்லாம் சரி, ரேடியேட்டருக்கு மட்டும் அடிவரை சாமந்தி மாலை சாத்தியிருப்பார்கள். அப்புறம் வாட்ஸ்அப் இருக்கவே இருக்கிறது. ஒரு மகாராஜா கோபத்தில் ரோல்ஸ் ராய்ஸை வாங்கிக் குப்பை வார விட்ட கதை மாதம் ஒருமுறை வந்துவிடும். ஒரு தடவை ஆல்வார் ராஜா, அடுத்த தடவை பாட்டியாலா, அப்புறம் ஹைதராபாத் நிஜாம். கதைக்குக் குப்பை ஒன்றுதான், ராஜாக்கள்தான் மாறுகிறார்கள்.

இதெல்லாம் பழகிவிட்டது. என்னை உண்மையிலேயே சிக்க வைத்தது என் மாமனார் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த படம்.

மனைவியின் தாத்தா, வெள்ளை வேட்டி, கோட்டு, கையில் தடி. பக்கத்தில் மலைபோல் ஒரு கார். "1938-ல தாத்தா லண்டன்லேருந்து கப்பல்ல வரவழைச்ச ரோல்ஸ் ராய்ஸ்" என்பது அந்த வீட்டின் முதல் பாடம். பெண் பார்க்கப் போனபோது எனக்குக் காபிக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டார்கள். நானும் எத்தனையோ தீபாவளிக்கு அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டிருக்கிறேன். உற்றுப் பார்த்ததில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. மாமனார் வீட்டில் அவ்வளவு விவரம் உள்ளவன்தான் நான்.

வம்பு சின்ன மாமாவின் எழுபதாம் வயது பீமரத சாந்திக்கு வந்தது. மண்டப வாசலில் அந்தப் படத்தைப் பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் வைக்க முடிவு செய்திருந்தார். போனில் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட்டாமே. ரோல்ஸ் ராய்ஸ்ல எந்த மாடல்னு மட்டும் சொல்லிடுங்க, கீழ போட்டுடறேன்."

படத்தைக் கழற்றி ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். தாத்தா புண்ணியவான், எல்லோரையும் போல ரேடியேட்டருக்கு முன்னால் நிற்காமல் கதவருகே நின்றிருக்கிறார். கொஞ்சம் மறைத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். பூசணிக்காய் அளவுக்குத் தனியே நிற்கும் லூகாஸ் பி100 ஹெட்லைட்டுகள். ரோல்ஸ் ராய்ஸ் ரேடியேட்டரின் தலை கிரேக்கக் கோயில் முகப்பு மாதிரி விளிம்பு வெட்டி நிற்கும், இதில் வளைந்திருந்தது. உச்சியில் கைகளைப் பின்னுக்கு வீசிய பெண் இல்லை. இறக்கை வைத்த ஓர் ஆங்கில எழுத்து. ஏ.

ஆஸ்டின் ஷீயர்லைன். ரோல்ஸ் ராய்ஸையும் பென்ட்லியையும் பார்த்து ஏங்கியவர்களுக்காக ஆஸ்டின் கம்பெனி செய்த பெரிய கார். இங்கிலாந்தில் அப்போது ஆயிரம் பவுண்டுக்கு மேல் விலையுள்ள காருக்கு இரட்டை வரி. அதனால் இதன் அடிப்படை விலையை 999 பவுண்டு என்று வைத்தார்கள். பாட்டா செருப்புக் கணக்கு. நல்ல வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். பிரச்சினை என்னவென்றால் அது வெளிவந்ததே 1947-ல். 1938-ல் அதை வரவழைக்க லண்டனுக்குக் கப்பல் அனுப்பிப் பிரயோஜனம் இல்லை.

இதை எப்படிச் சொல்வது என்று மனைவியிடம் கேட்டேன். "பேசாம ஃபாண்டம் ஏதோ ஒண்ணுன்னு சொல்லிட்டு சாப்பாட்டுக்குப் போயிட்டு வாங்க" என்றாள். அப்படியே செய்திருக்கலாம். ஆனால் ஷீயர்லைனைப் பார்த்து ரோல்ஸ் ராய்ஸின் ஃபாண்டம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. இத்தனை வருஷம் காரைக்குடியில் கொட்டிய முந்நூறுகளுக்கு என்ன மரியாதை?

மாமாவுக்குப் போன் போட்டு, சுற்றி வளைத்துச் சொன்னேன். முதலில் அமைதி. அப்புறம், "அந்தப் பறக்கற பொம்மை இருக்கே?"

"அது பொம்மை இல்லை மாமா. ஏ-ங்கற எழுத்து. ஆஸ்டினுக்கு ஏ."

"அப்பா பேரும் ஏ-லதான் ஆரம்பிக்குது. ஸ்பெஷலா சொல்லிச் செஞ்சிருப்பார்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வாதம் என்றால் இப்படி இருக்க வேண்டும். வருஷத்தைப் பற்றிச் சொன்னேன். "சரி, 48-ன்னு வச்சுக்குவோம்" என்று பத்து வருஷத்தை ஒரே மூச்சில் விட்டுக்கொடுத்தார். ரோல்ஸ் ராய்ஸில் மட்டும் ஓர் அங்குலம் நகரவில்லை. எஞ்சின் ஒன்றாக இருக்கலாமே என்றார். அது ஆஸ்டின் லாரி எஞ்சினுக்குச் சொந்தக்கார எஞ்சின் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

விசேஷத்தன்று மண்டபத்துக்குள் நுழையும்போதே ஃப்ளெக்ஸ் கண்ணில் பட்டது. "தமது இங்கிலாந்துக் காருடன் எங்கள் தந்தையார்." இரண்டு பக்கத்துக்கும் கௌரவமான தீர்வு. மாமா என்னைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். நானும் தலையாட்டினேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

தாத்தாவின் கடைசித் தங்கையை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். தொண்ணூறைத் தாண்டியவர். காது மந்தம், கண் மட்டும் கழுகு. ஃப்ளெக்ஸ் முன்னால் நாற்காலியை நிறுத்தச் சொல்லி நன்றாகப் பார்த்தார்.

"இது நம்ம டாக்டர் காருல்ல?"

யாரும் பேசவில்லை. காது மந்தமானவர்கள் பேசும் சத்தத்தில் அவர் தொடர்ந்தார். "அம்மாவுக்கு ஊசி போட வந்தாரு. வாசல்ல வண்டி நிக்குது. போட்டோக்காரனும் அன்னைக்குன்னு வந்திருந்தான். அண்ணன் உள்ளே ஓடிப்போய் கோட்டை மாட்டிக்கிட்டு வந்து நின்னுச்சு. கார்ல எங்க ஏறுச்சு? பெட்ரோல் வாடை பட்டாலே கொடலைப் பொரட்டும் அதுக்கு. சாகிற வரைக்கும் குதிரை வண்டிதான்."

'தமது' என்ற சொல்லைப் பார்த்தேன். ஒன்றரை அடி உயரத்தில் சிவப்பு எழுத்து. நான் அந்தப் பக்கமே திரும்பாமல் பந்தியில் இடம் பிடிக்கப் போய்விட்டேன்.

பாயசம் பரிமாறும் நேரத்தில் சின்ன மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மாப்பிள்ளை, அந்தக் குதிரை வண்டியோட ஒரு போட்டோ பரண்ல இருக்கு. ஸ்பிரிங் வச்சது, ரெண்டு பக்கமும் விளக்கு. அது லண்டன் வண்டியான்னு பாத்துச் சொல்லணும் நீங்க."